'சூப்பர் மச்சி' போதாது! அமெரிக்காவில் ஹோம்ப்ரூ கிளப் தொடங்குவது எப்படி?

வீட்டிலேயே பீர் தயாரித்து, நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்து, 'எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும்? 'சூப்பர் மச்சி!' அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. ஓசியில கிடைச்ச பீரை, அதுவும் ஒரு மாசம் கஷ்டப்பட்டுச் செஞ்சவர் முகத்துக்கு நேரா குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அடுத்த தடவையும் அதே தப்பு, அதே பீர், அதே 'சூப்பர் மச்சி'.

ஆசையாக ஹோம்ப்ரூயிங் ஆரம்பிக்கிறவர்கள் நாலாவது, அஞ்சாவது தடவையோடு பாத்திரத்தைத் தூக்கிப் பரணில் போடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். திறமை இல்லாமல் இல்லை. உண்மையைச் சொல்லும் நாக்கு பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்ட நாலைந்து நாக்குகளைத் தேடிப் பிடித்து, ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதற்குப் பெயர்தான் ஹோம்ப்ரூ கிளப்.

இந்தக் கலாசாரம் நன்றாக வேர்விட்ட இடம் அமெரிக்கா. படிப்பு, வேலை என்று டல்லாஸ், நியூ ஜெர்சி, பே ஏரியா பக்கம் போய் செட்டில் ஆன நம்ம ஆட்களில் சிலர், கராஜ் வச்ச வீடு கிடைத்ததும் முதலில் வாங்குவது கார் இல்லை, 20 லிட்டர் ஃபெர்மென்டர். அவர்களுக்காகவும், அவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து 'இதெல்லாம் எப்படிடா?' என்று யோசிக்கிறவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிடலாம். இங்கே இதைச் செய்து பார்க்காதீங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'என் வீட்டுல, எனக்காக மட்டும்தானே சார்' என்ற சமாதானம் எடுபடாது.

சட்டத்துக்கு முன்னாலேயே வந்த சங்கம்

அமெரிக்காவிலும் இது ஒருகாலத்தில் திருட்டு வேலைதான். 1920-ல் வந்த மதுவிலக்கு 1933-ல் போனது. அதன்பிறகு வீட்டில் வைன் தயாரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பீர் மட்டும் விடுபட்டுப் போனது. அடுத்த 45 வருஷம் அந்தப் பிழையை யாரும் சரிசெய்யவில்லை.

1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் உட்லேண்ட் ஹில்ஸில் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற கிளப் தொடங்கியது. வீட்டு வைன், பீர் சாமான் விற்கும் ஒரு கடையை ஒட்டித்தான் அது வளர்ந்தது. கவனிங்க, வீட்டில் பீர் தயாரிப்பது அப்போது சட்டப்படி செல்லாது. ஆனாலும் கிளப் கூடியது. நாலு வருஷம் கழித்து, 1978 அக்டோபரில்தான் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அனுமதிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் சார்லி பாபாஜியன், சார்லி மாட்சன் என்ற இருவர் கொலராடோவின் போல்டர் நகரில் அமெரிக்கன் ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். பாபாஜியன் ஒரு பள்ளி ஆசிரியர். வாண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த கையோடு, பெரியவர்களுக்கு பீர் வகுப்பு எடுத்தவர்!

இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் கிராஃப்ட் பீர் அலைக்கு இந்தக் கூட்டங்கள்தான் நாற்றங்கால். சியரா நெவாடா என்ற பெரிய ப்ரூவரியைத் தொடங்கிய கென் கிராஸ்மேன், அதற்கு முன்னால் 1976-ல் கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் ஹோம்ப்ரூ சாமான் கடை வைத்திருந்தவர்.

இப்போதைய கூட்டாட்சிச் சட்டம் என்ன சொல்கிறது? பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர் பீர் தயாரிக்கலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்கள் இருந்தால் 200 கேலன். வயசு 21 ஆகியிருக்க வேண்டும். விற்கக் கூடாது. இதிலிருந்து சாராயம் வடிப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது, அது முற்றிலும் வேறு கதை.

ஆனால், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. மிஸிஸிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் ஹோம்ப்ரூயிங்கை அனுமதித்தன. கிளப் தொடங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஓரிகன் கதை. அங்கே வீட்டில் பீர் தயாரிக்கலாம் என்று பல வருஷமாக எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 2010-ல் திடீரென்று, 'தயாரித்த பீர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது' என்று சட்டத்துக்கு ஒரு விளக்கம் வந்தது. ஸ்டேட் ஃபேர் ஹோம்ப்ரூ போட்டியே ரத்தானது. பக்கத்துத் தெரு நண்பர் வீட்டுக்கு ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போறதுகூடச் சிக்கல். அடுத்த வருஷம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மூச்சு வந்தது. அதனால், முதல் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் மாநிலச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தேடிப் படிங்க. வீட்டு பீரை வெளியே எடுத்துப் போகலாமா? வீட்டாள் அல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமா? கிளப் என்பதே இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

'கண்ணு போயிடாதா?'

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது மெத்தனால் கலந்த சாராயம். 'வீட்டுல காய்ச்சுறது' என்றாலே நம் காதில் அந்தச் சத்தம்தான் கேட்கும்.

ஹோம்ப்ரூ பீரில் வடிப்பது கிடையாது, தொழிற்சாலை ஸ்பிரிட் கலப்பதும் கிடையாது. முளைகட்டிய பார்லியை 65 டிகிரி செல்சியஸைச் சுற்றியுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பான தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியேற்றும். இரண்டு வாரம். பிறகு, துளி சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தால் இன்னும் இரண்டு வாரத்தில் நுரை தயார். இதில் மெத்தனால் உருவாவது மிக மிகச் சொற்பம்.

இட்லிக்கு மாவரைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். குளிர்காலத்தில் மாவு பொங்காமல் அடம்பிடித்தால் பாத்திரத்தை வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றுவீங்கதானே? வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துப்போனால் சட்டென்று ஃப்ரிட்ஜில் தள்ளுவீங்கதானே? மாவில் பெரும்பாலும் பாக்டீரியா, பீரில் ஈஸ்ட். இரண்டையும் வளர்த்தெடுக்கிற மனசு ஒண்ணுதான்.

உண்மையிலேயே ஆபத்தான இடம் வேறு. பாட்டில்! நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தாலோ, சர்க்கரை அதிகமாகப் போட்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கும். ஹைட்ரோமீட்டரில் தொடர்ந்து மூணு நாள் ஒரே அளவு காட்டினால்தான் அடைக்கணும். கிளப்புக்கு வரும் பாட்டில்கள் பல பேர் காரில், பல வீட்டு வாண்டுகள் ஓடும் கிச்சனில் சுற்றப்போகின்றன. அதனால் 'எப்ப அடைச்சே, ரீடிங் என்ன?' என்று லேபிளில் எழுதாத பாட்டிலை மேசையில் வைக்கக் கூடாது என்பதை முதல் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பேர் போதும்

கிளப் என்றதும் தலைவர், செயலாளர், லோகோ, டி-ஷர்ட் என்று போய்விடாதீங்க. ஐந்து பேர் போதும்.

அதற்கும் முன்னால், உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு கிளப் இருக்கிறதா என்று பாருங்க. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் அநேகமாக இருக்கும். இரண்டு கூட்டத்துக்குப் போய் ஓரமா உட்கார்ந்து பாருங்க. பிடித்திருந்தால் அங்கேயே சேர்ந்துவிடலாம். ரொம்ப தூரம், நேரம் ஒத்துவரவில்லை, அல்லது அவர்கள் ரேஞ்சே வேறு என்றால், தனிக்கடை போடுங்க.

ஆட்களை எங்கே பிடிப்பது? மால்ட், ஈஸ்ட் விற்கும் ஹோம்ப்ரூ கடைதான் முதல் இடம். கடைக்காரருக்கு ஊரில் யார் யார் என்ன காய்ச்சுகிறார்கள் என்பது அத்துப்படி. அவர்கிட்டயே சொல்லி வைங்க. முடிந்தால் முதல் கூட்டத்தை அந்தக் கடையிலேயே நடத்தக் கேளுங்க. அவருக்கும் வியாபாரம்தானே!

'நம்ம தமிழ் பசங்க மட்டும்' என்று ஆரம்பிக்கத் தோன்றும். என் கருத்து, வேண்டாம். இருபது வருஷமாக கராஜில் காய்ச்சிக்கொண்டிருக்கும் ஒரு ரிட்டயர்டு அமெரிக்கத் தாத்தா உங்கள் ஐந்து பேரில் ஒருவராக அமைந்தால், பத்து புத்தகத்துக்குச் சமம். அவருக்கு ரசப்பொடி வாசனை தெரியாது, உங்களுக்கு ஓக் பீப்பாய் வாசனை தெரியாது. இந்தக் கலவைதான் மேசைக்கு நல்லது.

ஐந்து பேருமே பீர் தயாரிக்கத் தெரிந்தவர்களாக இருக்கணும்னு அவசியம் இல்லை. குழம்பில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார் பாருங்க, அவர் கட்டாயம் வேண்டும். பெண்களைக் கூப்பிடத் தயங்குகிற குரூப்புகளுக்கு ஒரு தகவல். இடைக்கால இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்தான். அவர்களைக் குறிக்க ஏல்வைஃப் என்று ஒரு வார்த்தையே உண்டு. ஆண்கள் கைக்குப் போனது பிற்பாடு.

மேசையில் என்ன நடக்கணும்?

கிளப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஏற்பாடு.

ஒவ்வொரு பீருக்கும் சின்ன கிளாஸில் 60 மில்லி போதும். லேசானதில் தொடங்கி, கறுப்பும் கசப்பும் கடைசியில். நடுவில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் அல்லது பிரெட். மிக்சர், சிக்கன் 65 எல்லாம் டேஸ்ட்டிங் முடிந்த பிறகு. காரம் ஏறிய நாக்குக்கு ஒன்றும் தெரியாது. சென்ட் அடித்துக்கொண்டு வரவே கூடாது.

பாட்டிலை யார் கொண்டுவந்தது என்று தெரியாமல் ஒருவர் ஊற்றட்டும். முதல் ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, எழுத மட்டும்தான் செய்யணும். முதலில் வாய் திறக்கிறவர் 'எனக்கு வாழைப்பழ வாசனை வருது' என்று சொல்லிவிட்டால், அடுத்த நாலு பேருக்கும் வாழைப்பழம் மட்டும்தான் மணக்கும். எழுதி முடித்ததும் ஒவ்வொருவராகப் படிங்க. தயாரித்தவர் கடைசியாகத்தான் பேசணும். இதில் மட்டும் சலுகை காட்டாதீங்க. 'அன்னிக்கு கரன்ட் போயிடுச்சு, ஈஸ்ட் பழசு' என்று அவர் முதலிலேயே விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால், எல்லோரும் இரக்கப்பட்டு மறுபடி 'சூப்பர் மச்சி'க்குப் போய்விடுவார்கள்.

எழுதுவதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 1985-ல் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் மதிப்பெண் தாள், போட்டிகளில் பயன்படுவது. மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் இருக்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனிச்சீங்களா? இன்ஸ்டாவில் லைக்ஸ் வாங்கும் அந்தப் பொன்னிற போட்டோவுக்கு அவ்ளோதான் மரியாதை.

அடுத்து, மூக்குக்குப் பயிற்சி. பீரில் வரும் குறைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை, ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு காரணம் உண்டு. வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால், கொதிக்கும்போது மூடி போட்டிருப்பீங்க, அல்லது கொதி பத்தவில்லை. ஆவியோடு போகவேண்டிய ஒரு கந்தகச் சேர்மம் உள்ளேயே தங்கிவிட்டது. தியேட்டர் பாப்கார்ன் போல வெண்ணெய் வாசனை வந்தால், பெரும்பாலும் ஈஸ்ட்டை அவசரப்படுத்தி இருக்கீங்க. அதுவே உண்டாக்கி, அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் பொருள் அது. இன்னும் சில நாள், கொஞ்சம் கூடுதல் வெப்பத்தில் விட்டிருந்தால் போயிருக்கும். பச்சை ஆப்பிள் வாசனை என்றால் பீருக்கு இன்னும் வயசு வரவில்லை. புது பேண்ட்-எய்டைப் பிரித்தது போன்ற ஆஸ்பத்திரி வாசனைக்குப் பெரும்பாலும் குழாய்த் தண்ணியில் இருக்கும் குளோரின்தான் காரணம். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால், அடைக்கும்போது காற்று புகுந்துவிட்டது.

இதில் வாழைப்பழம் மட்டும் ஒரு விசித்திரம். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வரவில்லை என்றால் குறை. அதே வாசனை ஒரு லாகரில் வந்தால் குறை. ஒரு சங்கதி ஒரு ராகத்தில் அழகு, இன்னொன்றில் அபஸ்வரம் என்பது மாதிரி. அதனால் 'இது என்ன ஸ்டைல்?' என்ற ஒரு தகவலை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடலாம்.

மூக்கைப் பழக்கக் காசு கொட்டி கிட் வாங்கணும்னு இல்லை. கடையில் பச்சைக் கண்ணாடி பாட்டிலில் வரும் லாகர் இரண்டு வாங்குங்க. ஒன்றை வெயிலில் ஒரு மணி நேரம் வைங்க, இன்னொன்றை ஃப்ரிட்ஜில். இரண்டையும் ஊற்றி மோந்து பாருங்க. வெயிலில் இருந்ததில் ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வரும். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துவிடுகிறது. பீர் பாட்டில்கள் ஏன் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன என்பது அந்த நிமிஷமே மண்டையில் ஏறிடும்.

குறை சொல்வதற்கும் ஒரு வழி இருக்கு. 'நல்லாயில்ல' என்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. 'எனக்கு சோள வாசனை வருது, மூடி போட்டுக் கொதிக்க வச்சியா?' என்று கேட்டால், அவர் அடுத்த தடவை மூடியைத் திறந்து வைப்பார். வாசனையைச் சொல்லி, காரணத்தைக் கேட்கணும். ஆளைச் சொல்லக் கூடாது. சீனியர்கள் சேர்ந்து புதுசா வந்தவரைக் கலாய்க்கிற மேசைக்கு அந்தப் புதியவர் மறுமுறை வரமாட்டார். அவர் வரலைன்னா ரெண்டு வருஷத்தில் கிளப்பில் பழைய முகங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரே வோர்ட், நாலு ஈஸ்ட்

தனியாளாகச் செய்ய முடியாத, கிளப்பால் மட்டுமே சுலபமாக முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே வீட்டில் கூடி, 10 கேலன் வோர்ட் காய்ச்சுங்க. நாலு பேர் ஆளுக்கு இரண்டரை கேலன் வீட்டுக்கு எடுத்துப் போங்க. ஒருவர் அமெரிக்க ஏல் ஈஸ்ட், ஒருவர் ஆங்கில ஈஸ்ட், ஒருவர் பெல்ஜியம், ஒருவர் ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்ட் போடட்டும். ஆறு வாரம் கழித்து நாலையும் வரிசையாக வைத்துக் குடித்துப் பார்த்தால், ஒரே தாய் வயித்துப் பிள்ளைகளா என்று சந்தேகமே வந்துவிடும். ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை எந்த யூடியூப் வீடியோவும் இப்படிச் சொல்லித்தர முடியாது.

காசு விஷயத்திலும் கூட்டு லாபம்தான். மால்ட்டை 25 கிலோ மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் விலை நன்றாகக் குறையும். வோர்ட்டைச் சீக்கிரம் ஆறவைக்கும் சில்லர், பெரிய பாத்திரம், பாட்டில் மூடி அடிக்கும் கருவி எல்லாம் ஆளுக்கு ஒன்று தேவையே இல்லை. கிளப்புக்கு ஒன்று போதும். மாசச் சந்தா வசூலித்தால், சீட்டு பிடிக்கும் அக்காக்கள் மாதிரி கணக்கை நோட்டில் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைங்க. ஒன்றை மட்டும் மறக்காதீங்க. சந்தா மால்ட்டுக்கும் சாமானுக்கும்தான். 'கிளாஸுக்கு ரெண்டு டாலர்' என்று பீருக்குக் காசு வாங்கிய நொடியில் அது விற்பனை. சட்டம் அதை ஹோம்ப்ரூவாகப் பார்க்காது.

கிளப் கெட்டுப்போகும் விதம்

பீர் தயாரிக்கும் கிளப், பீர் குடிக்கும் கிளப்பாக மாறுவது ஒரே ராத்திரியில் நடக்காது. முதலில் எழுதும் தாள் காணாமல் போகும். பிறகு, பாட்டில் கொண்டுவராமல் வெறும் கையோடு வரும் ஆட்கள் கூடுவார்கள். பிறகு 60 மில்லி கிளாஸ் போய் பெரிய மக் வரும். ஒன்பது மணிக்கு முடியவேண்டிய கூட்டம் ஒரு மணிக்கு முடியும். இந்தக் கட்டத்தில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

இதற்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவிகிதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டுவது குற்றம், யூட்டாவில் 0.05. விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு பெரிய அடி இருக்கிறது. குடித்து வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாக வாய்ப்பு உண்டு. எஃப்1-ஓ, எச்1பி-யோ, ஒரு சனிக்கிழமை ராத்திரிக்காக அஞ்சு வருஷ உழைப்பைப் பணயம் வைக்க முடியுமா? அதனால் கூட்டத்துக்கு வரும்போதே கார் சாவி பற்றிப் பேசிவிடுங்க. வண்டி ஓட்டுகிறவர் மோந்து மட்டும் பார்த்து எழுதலாம். வாசனைக்கே 12 மதிப்பெண் இருக்கே! மற்றவர்களுக்கு ஊபர், இல்லைன்னா அந்த வீட்டு சோஃபா.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு தடவை 5 கேலன் காய்ச்சினால் சுமார் 50 பாட்டில் வரும். தனியாக ஒரு அபார்ட்மென்ட்டில், குடும்பம் ஊரில் இருக்க, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் 50 பாட்டில் இருந்தால் என்னாகும்? ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் 'பாட்டில் தீர்ந்துபோச்சு' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், அதை ஜோக்காகக் கடந்துபோகாதீங்க. தனியாகக் கூப்பிட்டு, 'கொடுத்துத் தீர்த்தியா, குடிச்சுத் தீர்த்தியா?' என்று கேளுங்க. பீரில் சோள வாசனையைக் கண்டுபிடிக்கப் பழகிய மேசைக்கு இதையும் கேட்கிற உரிமை இருக்கிறது. தேவைப்பட்டால் அவர் பங்குக்கு இரண்டரை கேலன் மட்டும் காய்ச்சட்டும், பாதியை கிளப் ஃப்ரிட்ஜில் வைக்கட்டும். நிறுத்தணும்னு நினைத்தால், நிறுத்திய பிறகும் மேசைக்கு வர இடம் இருக்கட்டும். காய்ச்சும் நாளில் பாத்திரம் கிண்டவும் கணக்கு எழுதவும் எப்போதும் ஆள் தேவைதான்.

கிளப் சாக இன்னொரு சாதாரண காரணம், எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுவது. வீடு அவருடையது, பாத்திரம் கழுவுவது அவர், வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவதும் அவர். எட்டாவது மாசம் அவர் மனைவி ஒரு பார்வை பார்ப்பார், முடிந்தது. மாசம் ஒரு வீடு என்று சுழற்சியில் விடுங்க.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இதையெல்லாம் படித்து ஏக்கமாக இருக்கிறவர்களுக்கு, பீர் இல்லாமலும் இந்த மேசை நடக்கும். ஏற்காடு, குடகு பக்கத்துப் பச்சைக் காபிக்கொட்டையை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பதத்தில் வாணலியில் வறுத்து, ஒரே மாதிரி டிகாக்‌ஷன் போட்டு, பெயர் மறைத்து, எழுதி, செய்தவர் கடைசியில் பேசுகிற அதே விளையாட்டை ஆடலாம். எந்தச் சட்டமும் குறுக்கே வராது, எல்லோரும் வண்டி ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல முகூர்த்தம் சொல்லட்டுமா? மே மாதம் முதல் சனிக்கிழமை. அமெரிக்கன் ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வருஷாவருஷம் நடத்தும் பிக் ப்ரூ நாள் அது. அன்றைக்குப் பல ஊர்களில் கிளப்புகள் திறந்தவெளியில் காய்ச்சும், வேடிக்கை பார்க்கப் போகலாம். அல்லது அன்றைக்கே உங்கள் முதல் வோர்ட்டைக் கொதிக்கவிடலாம். ஜூன் நடுவில் முதல் டேஸ்ட்டிங் வைக்க பீர் தயாராகியிருக்கும். ஈஸ்ட்டை மட்டும் ஏப்ரல் கடைசியிலேயே சொல்லி வச்சிடுங்க, அந்த வாரம் கடையில் கூட்டமா இருக்கும்.